நாலேகால் பஸ்ஸும் சுகந்தியின் இரண்டாம் பாதியும்

பாதிப் படத்தில் எழுந்து போகும் பழக்கமுள்ள என் அன்பு அப்பாவுக்கு,

நாலு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, நம் வீட்டில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. கொண்டுவந்தவன் நான். கூட்டத்தில் இருந்தவர்கள் அம்மாவும், பூண்டு உரித்துக்கொண்டிருந்த உங்கள் மருமகளும். உங்கள் இரண்டாம் வருஷத் திதி வருவதற்குள், நீங்கள் அரூர் தியேட்டரில் பார்த்த பழைய படங்களை எல்லாம், பேர் போடுவதிலிருந்து வணக்கம் போடும்வரை, வீட்டிலேயே இன்னொரு முறை முழுதாகப் பார்த்துவிடுவது என்பதே தீர்மானம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம் என்று சிறிது நேரம் காத்திருந்தேன். அம்மா, "கரண்டு இருந்தாப் பாரு" என்றாள். அதை ஆதரவு ஓட்டாக எடுத்துக்கொண்டேன்.

உங்களுக்கு மரியாதை செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. ஊரில் சிலர் அன்னதானம் போடுகிறார்கள். சிலர் முச்சந்தியில் பேனர் வைக்கிறார்கள். நீங்கள் சாப்பாட்டிலும் பேனரிலும் ஆர்வம் காட்டியவர் அல்ல. சினிமாவில் காட்டினீர்கள்.

உங்கள் தகரப் பெட்டியில் இருந்த பாட்டுப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தேடினேன். எல்லாம் இணையத்தில் சும்மா கிடக்கின்றன அப்பா. டிவியிலேயே வருகிறது. அந்தப் புத்தகங்களில் கதைச் சுருக்கம் போட்டு, கடைசியில் மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று அச்சடித்திருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்த வரியை நான் அப்போதே கவனமாகப் படித்திருக்க வேண்டும்.

முதலில் பார்த்தது கிணத்துப் பேய் படம். மலை பங்களா, வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம். முதல் பாதி நீங்கள் சொன்னபடியே, வசனம்கூட மாறாமல் நடந்தது. அம்மா ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாலேயே அடுத்தது என்ன என்று சொல்லிக்கொண்டு வந்தாள். இடைவேளைக்குப் பிறகுதான் சிக்கல். நீங்கள் சொன்னபடி, அந்தப் பேய் கிணற்றில் விழுந்து செத்த ஒரு பெண். கிணற்றைத் தூர் எடுத்துச் சுத்தம் செய்தால் சாந்தியாகிவிடும். இரண்டாம் பாதி முழுக்க ஊரே சேர்ந்து தூர் வாரும். ஆனால் டிவியில் பேய் விக்கைக் கழற்றியது. உள்ளே எஸ்டேட் மேனேஜர். கிணறு என்ற ஒன்றே இரண்டாம் பாதியில் வரவில்லை.

வேறு படத்தைப் போட்டுவிட்டேன் என்று அம்மா சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பேரைச் சரிபார்த்தேன். சரியான படம்தான்.

அடுத்தது வரப்புப் படம். அண்ணன் தம்பி நிலத் தகராறு. கடைசியில் இருவரும் ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்து நடு வரப்பை வெட்டிச் சரித்துவிட்டுக் கட்டிப் பிடித்து அழுவார்கள் என்று சொல்வீர்கள். அதைக் கேட்டுத்தான் கோவிந்தன் வீட்டு அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போகாமல் ராசியானார்கள் என்பது நம் ஊர் வரலாறு. இன்றும் அவர்கள் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கிறார்கள். நிஜப் படத்தில் அந்தச் சகோதரர்கள் கோர்ட்டுக்குப் போகிறார்கள். திரும்பி வரும் வழியில் ஒரே ஜீப்பில் பள்ளத்தில் விழுந்து இருவரும் சாகிறார்கள். ஒரே ஜீப்பில் ஏன் வந்தார்கள் என்பதைப் படம் விளக்கவில்லை.

மூன்றாவதாக, என் பேர் வந்த படம். தாயில்லாப் பிள்ளைக்குச் சோறு போட்டு வளர்க்கும் கோயில் தர்மகர்த்தா பரந்தாமன். அவரைப் போல நான் நாலு பேருக்கு உதவ வேண்டும் என்றுதான் எனக்கு அந்தப் பேர் வைத்தீர்கள். நாற்பத்தெட்டு வருஷமாக அந்தப் பொறுப்போடு நடந்து வந்திருக்கிறேன். நான் வேலை பார்க்கும் நூலகத்தில் தாமதமாகப் புத்தகம் திருப்பிக் கொடுப்பவர்களிடம்கூட முகம் கடுத்ததில்லை. இடைவேளை முடிந்து ஆறாவது நிமிடம், பரந்தாமன் கோயில் சிலையை வைக்கோல் வண்டியில் ஏற்றுகிறார். பிறகு பூசாரியைக் கொல்கிறார். பிறகு அந்தத் தாயில்லாப் பிள்ளை தாயில்லாமல் போனதற்கும் அவர்தான் காரணம் என்று தெரிகிறது.

உங்கள் மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் குழப்பம் அதிகமானதற்கு இன்னொரு காரணம் உண்டு அப்பா. ஏழெட்டு வயதில் நீங்கள் என்னையும் இரண்டு மூன்று முறை கூட்டிப் போயிருக்கிறீர்கள். வரப்பை வெட்டும் காட்சியை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மண்வெட்டி விழும் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. கடைசிக் காட்சிகளில் மட்டும் தியேட்டரில் டீசல் வாசனை வரும், இருக்கை குலுங்கும். கிளைமாக்ஸ் என்றால் அப்படித்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

சந்தேகம் தீர, முனுசாமி மாமாவைப் பார்க்கப் போனேன். உங்களோடு படத்துக்கு வந்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பவர் அவர்தான். மகன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, மரவள்ளிக் கிழங்கு லோடு ஏறுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை மேற்பார்வை பார்க்கச் சொன்னதாகத் தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"மேட்னி ரெண்டரைக்கு உடுவான்" என்றார். "இன்டர்வெல்லு நாலு மணிக்கு. நம்ம ஊரு பஸ்ஸு நாலேகால். அத உட்டா அடுத்த பஸ்ஸு விடிஞ்சாத்தான். மாட்டுக்கு யாரு தண்ணி காட்டறது?"

அப்போ முடிவு என்று கேட்டேன்.

"முடிவ பஸ்ஸுல பாத்துக்குவோம்" என்றார்.

பிறகு அவர் சொன்னதை எல்லாம் இங்கே எழுதுவது உங்களுக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்வதாகும். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். தியேட்டரில் இடைவேளை மணி அடித்தால் பக்கத்து ஸ்டாண்டில் டிரைவர் ஆரன் அடிப்பார். நம் தடத்து ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடுவீர்கள். நீங்கள் டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல், பின்பக்கம் பார்த்தபடி உட்காருவீர்கள். அப்புறம் என்ன ஆச்சு என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். நீங்கள் ஆரம்பிப்பீர்கள். தீர்த்தமலை ரோட்டில் திரும்பும்போது வில்லன் மாட்டுவான். நம் ஊர்ப் புளியமரத்து ஸ்டாப்பில் கல்யாணம். கதை முடியாவிட்டால் கண்டக்டர் விசில் ஊதாமல் நிறுத்தி வைத்திருப்பாராம்.

பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் அது நீங்கள் கட்டிய கதை என்று தெரியும். இறங்கி அவரவர் வீட்டுக்குப் போய் மனைவி மக்களிடம் சொல்லும்போது அது படமாகிவிடும். இப்படி எத்தனை படம் என்று கேட்டேன். "பூராவும்" என்றார் மாமா. நம் தடத்தில் ஒரு தலைமுறை முழுக்க எந்தப் படத்தின் இரண்டாம் பாதியையும் பார்த்ததில்லை. ஆனால் அத்தனை இரண்டாம் பாதிகளும் எல்லோருக்கும் மனப்பாடம்.

உங்கள் மேல் கோபப்படலாமா என்று யோசித்தேன் அப்பா. நம் ஊர்ப் பொதுக்கிணறு தூர் எடுக்கப்பட்டது கிணத்துப் பேய் படத்துக்கு அடுத்த மாதம். எஸ்டேட் மேனேஜரை நம்பியிருந்தால் அது இன்றுவரை தூர்ந்தே கிடக்கும். கோவிந்தன் வீட்டு ஆட்கள் நிஜப் படத்தைப் பார்த்திருந்தால் ஜீப்பு வாங்கியிருப்பார்களோ என்னவோ. பொய் என்று சொல்லிவிடலாம் என்றால், பொய்யால் இவ்வளவு தண்ணீர் கிடைத்திருக்கக் கூடாது. நூலகத்தில் கடைசிப் பக்கம் கிழிந்த நாவல்களை நான் கழித்துக் கட்டிவிடுவது வழக்கம். அது சரியா என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது.

விடைபெற எழுந்தபோது மாமா தானாகவே அந்தப் பேச்சை எடுத்தார். "சுகந்தி படத்துக்குத்தான் பஸ்ஸுல பெரிய சண்ட."

நான் திரும்ப உட்கார்ந்தேன்.

நம் வீட்டில் அதற்குக் குடத்துப் படம் என்று பேர். புதுசாகக் கல்யாணமான சுகந்தியோடு புருஷன் பேசுவதை நிறுத்திவிடுகிறான். ஒரு சின்ன வார்த்தைக்காக. அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவான், இடைவேளை. நீங்கள் சொன்ன இரண்டாம் பாதியில் அவள் பொறுத்திருப்பாள். தினமும் குடத்துத் தண்ணீரை அவன் வாசல் படியில் வைப்பாள். வருஷங்கள் ஓடும். ஒருநாள் அவன் வாய் திறந்து பேசுவான். அந்தப் படம் பார்த்த மாதம்தான் அக்கா பிறந்தாள். சுகந்தி என்று பேர் வைத்தீர்கள்.

"உங்கப்பன் மொதல்ல அப்படிச் சொல்லல" என்றார் மாமா. "அந்தப் புள்ள கொடத்தப் போட்டு ஒடச்சிட்டு ரயிலேறிப் போயிருவான்னான். பஸ்ஸே ஏத்துக்கல. போயி என்னடா பண்ணுவா, ஒத்தப் பொம்பள எங்கடா தங்குவான்னு ஆளாளுக்குப் புடிச்சிக்கிட்டோம். புளியமரம் வந்துருச்சு. டிரைவரு எறங்குங்கறான். சரிங்கப்பா, வூட்லயே இருக்கட்டும், அவன் பேசிருவான்னு உட்டுட்டான்."

பிறகு, "எறங்கி நடக்கையில எங்கிட்ட மட்டும் சொன்னான், இல்லடா முனுசாமி, அவ போயிருப்பான்னு" என்றார்.

மறுநாள் நூலகத்தில் மதிய உணவு நேரத்தில், போனில், தனியாக அந்தப் படத்தைப் பார்த்தேன். இடைவேளை முடிந்து நாலாவது நிமிடம் சுகந்தி குடத்தைக் கீழே போடுகிறாள். பின்னணி இசை இல்லை. உடைந்த ஓடுகளையே கொஞ்ச நேரம் காட்டுகிறார்கள். அடுத்து ரயில்.

அப்பா, நீங்கள் பார்க்காத படத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஸ்டாப் வந்துவிட்டதால் மாற்றிக்கொண்டீர்கள்.

இனி எழுதப்போவது சிரமமான பகுதி. அக்கா கல்யாணமாகிப் பதினோராவது மாதம் டிரங்குப் பெட்டியோடு அதே பஸ்ஸில் வந்து இறங்கியது உங்களுக்கு மறந்திருக்காது. எனக்குப் பதினேழு வயது. அவள் வீட்டுக்காரர், அந்த மாமா, அடிக்கவில்லை, குடிக்கவில்லை, பேசவில்லை. அவ்வளவுதான் புகார். புதுசாக அடித்த சுவரின் பச்சை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரி மாதிரி இருக்குதுங்க என்று இவள் சொல்லியிருக்கிறாள். அன்றோடு சரி.

நீங்கள் அவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தீர்கள். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தீர்கள். "படத்துல சுகந்தி என்ன பண்ணுனா? பொறுத்தா. கடசில அவன் பேசுனானா இல்லியா?" என்று கேட்டீர்கள். அக்கா, "பேசுனான்" என்றாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நீங்களே பெட்டியை ஏற்றிவிட்டு வந்தீர்கள். அன்றைக்கு முழுக்க நீங்கள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. மகளை அனுப்பிய வருத்தம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அப்போது உங்களுக்கு எந்த முடிவு ஞாபகம் இருந்தது? பஸ் ஒத்துக்கொண்டதா, நீங்கள் முதலில் சொன்னதா?

அக்கா முப்பத்தொரு வருஷம் இரண்டாம் பாதிக்காகக் காத்திருந்தாள். பேசாமலேயே ஒரு பையனைப் பெற்று வளர்த்தார்கள். மாமா ஊமை இல்லை. மழை பற்றியும் மஞ்சள் விலை பற்றியும் ஊரில் அவர் அளவுக்குப் பேசுகிறவர் கிடையாது. வீட்டில் மட்டும் மாட்டைப் பார்த்து, "லட்சுமி, சோறு ஆயிருச்சான்னு கேளு" என்பார். பிறகு பையன் மூலமாகப் பேசினார். பையன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு செல்போன் வந்து உதவியது. வயலிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் காபி. இரண்டு கொடுத்தால் சாப்பாடு. அக்கா எடுக்கமாட்டாள். எடுத்தால் அவர் பேச வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

உங்கள் முதல் வருஷத் திதிக்கு அக்கா வந்தாள். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு துணிப்பை. லட்சுமியின் பேத்தி நிறைசினை, நாளைக்குக் காலையிலேயே போகணும் என்று வந்ததும் சொல்லிவிட்டாள். காக்கைக்குச் சோறு வைத்தோம், சாப்பிட்டோம். அம்மா சும்மா இருக்கவில்லை. அப்பாவோட படமெல்லாம் உன் தம்பி போடறான், தப்புத் தப்பா வருது என்றாள். அக்கா பாயில் சாய்ந்து உட்கார்ந்து, "என் படத்தப் போடு" என்றாள்.

நான் செய்யக்கூடியதை எல்லாம் செய்தேன் அப்பா. அந்தப் படம் கிடைக்கவில்லை என்றேன். பெட்டியின் மேலேயே பாட்டுப் புத்தகம் இருந்தது. அவளே பேரைச் சொல்லித் தேடச் சொன்னாள். முதல் பாதி ஓடியது. இடைவேளை என்று எழுத்து வந்ததும் ரிமோட்டை அமுக்கி, நெட் போய்விட்டது என்று அறிவித்தேன். "பக்கத்து வூட்டுல சீரியல் ஓடுது, நமக்கு மட்டும் போச்சா" என்றாள் அக்கா. அவர்களுடையது கேபிள் என்றேன். "நம்மளுதும் வருது பாரு, மேல பச்ச லைட்டு எரியுது" என்றாள். முப்பத்தொரு வருஷம் பேசாத ஒருவரோடு குடித்தனம் செய்பவளுக்கு விளக்கு, சத்தம், நிழல் எல்லாம் பார்த்தே புரிந்துவிடும்போல.

நாலாவது நிமிடம் குடம் உடைந்தது.

"இது என்னாத்துக்கு?" என்றாள் அம்மா. "தண்ணி வெக்கோணுமே."

ரயில் போனது. சுகந்தி ஒரு டவுனில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தாள். அம்மா, இந்த டைப்படிக்கற பொண்ணுங்க யாரு, உங்கப்பா சொன்னதுல இவளுங்களே இல்லயே என்று ஒவ்வொரு காட்சிக்கும் ஆட்சேபம் தெரிவித்தாள். கடைசியில் தலை நரைத்த புருஷன் அவள் வாசலில் வந்து நிற்கிறான். யார் வேணும் என்று கேட்கிறாள். அவன் வாயைத் திறக்கிறான். என்ன சொல்கிறான் என்பதற்குள் வணக்கம் போட்டுவிட்டார்கள்.

"தப்பா எடுத்திருக்கான்" என்றாள் அம்மா. "உங்கப்பா சொன்னதுதான் சரி."

அக்கா, "குடத்துக்குப் போ" என்றாள். நான் பின்னுக்கு ஓட்டினேன். அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து மூன்று முறை பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இது அப்பாவுக்குத் தெரியுமா?"

இதற்குச் சரியான பதில் எது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரியாது என்றால் அது உண்மை. தெரியும் என்றாலும் உண்மை. உங்களைக் காப்பாற்ற எது நல்லது, அவளுக்கு எது நல்லது என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறாக இருந்தன. அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேட்னி, நாலேகால் பஸ், இன்ஜின் மூடி, சண்டை, புளியமரம், இறங்கி நடக்கும்போது நீங்கள் முனுசாமி மாமாவிடம் சொன்னது, ஒன்றும் விடவில்லை.

அக்கா கேட்டு முடித்துவிட்டு, "எல்லாருக்கும் எறங்கோணும்னு அவசரம். என்னய அங்கயே உட்டுட்டாங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பையில் எதையாவது மறந்து வைத்துவிட்டு வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

மறுநாள் காலை அவள் கிளம்பவில்லை. சினை மாட்டை ஞாபகப்படுத்தினேன். அவரு இருக்காரில்ல என்றாள். முற்பகலில் அவள் போன் ஒருமுறை அடித்து நின்றது. காபி. மதியம் இரண்டு முறை அடித்து நின்றது. சாப்பாடு. அக்கா போனைப் பார்த்தாள். நம் வீட்டில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. பாப்பிரெட்டிப்பட்டிக்கு இங்கிருந்து காபி அனுப்ப வழியில்லை என்று மாமாவுக்கும் தெரியும். பிறகு ஏன் கொடுத்தார் என்று எனக்குப் புரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

பத்து நாள் இப்படியே போனது. காலை ஒன்று, மதியம் இரண்டு. அம்மாவே நேரம் பார்த்து, கால் வந்துருச்சா என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

பதினோராம் நாள் மூன்று முறை அடித்தது.

மூன்றுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அக்காவைப் பார்த்தோம். அவளுக்கும் தெரியவில்லை. அவர்கள் குடும்பத்தில் மூன்று என்பதே கிடையாதாம். அம்மா நெஞ்சு வலியாக இருக்கும் என்றாள். உங்கள் மருமகள் கேஸ் தீர்ந்திருக்கும் என்றாள். நாங்கள் இப்படி விவாதித்துக்கொண்டிருக்கும்போதே நாலாவது முறை அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் ஒரு மாடு கத்தியது. அவள் எடுத்துவிடுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் நாலு பேரும் ஒரு போனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். முப்பத்தொரு வருஷம் என்று பார்த்தால் அது நீண்ட நேரம் இல்லை. ஒரு நிமிடம் இருக்கும்.

"கன்னு போட்டிருச்சு" என்றார் மாமா.

"என்ன கன்னு?" என்றாள் அக்கா.

"கெடேரி."

"சரிங்க" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள்.

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கள் படத்துக்கு எதிரில் போய் நின்றாள். "பேசிட்டான் பாருங்க. நீங்க சொன்னதுதான் சரியாப் போச்சு" என்று உங்களிடமே சொன்னாள். பிறகு அக்காவிடம் திரும்பி, மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாம், பிறந்த கன்னைத் தனியாக விடக் கூடாது என்றாள்.

அக்கா பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்தாள்.

"அவரு பேசறதுக்குத்தான இருந்தேன்" என்றாள். "பேசிட்டாரு."

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பஸ் சொன்ன முடிவும் நடந்துவிட்டது. நீங்கள் முதலில் சொன்ன முடிவும் நடந்துவிட்டது. படம் எதுவென்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. மாமாவைப் பற்றியும் என்னால் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை அப்பா. கன்று பிறந்ததை அந்த ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஊரே அவர் பேச்சைக் கேட்கும். ஏன் இவளிடம் சொல்லத் தோன்றியது? அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கப் போயிருந்தேன். மழையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். கிளம்பும்போது, புதுக் கன்றின் கழுத்தைத் தடவியபடி, "லட்சுமி, சுவத்துக்கு வேற கலரு அடிச்சிருக்குன்னு சொல்லச் சொல்லு" என்றார். பார்த்தேன். நீலம். வந்து சொன்னேன். அக்கா, "நீலம் நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

உங்கள் பெட்டியில் இன்னும் பதினேழு பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. தீர்மானம் போட்டாகிவிட்டது, பின்வாங்க முடியாது. இரண்டாம் வருஷத் திதிக்குள் எல்லாவற்றையும் கடைசிவரை பார்த்து முடிப்பேன். ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நிஜ முடிவுகளை நம் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே விடமாட்டேன். கோவிந்தன் வீட்டு அண்ணன் தம்பிகளுக்கு ஜீப்பு விஷயம் என் வாயால் தெரியவராது. யாராவது என்னிடம் இரண்டாம் பாதி கேட்டால் நீங்கள் சொன்னதையே சொல்வேன். கேட்பவர் கையில் பெட்டியோடு வந்து நின்றால் மட்டும், நீங்கள் பஸ்ஸில் முதலில் சொன்னது எது என்று யோசித்துப் பார்த்துவிட்டுச் சொல்வேன்.

உங்கள் மகனும், சுகந்தியின் தம்பியும்,
முதல் பாதியில் மட்டும் நல்லவனுமான
பரந்தாமன்

பின்குறிப்பு: பாப்பிரெட்டிப்பட்டி வீட்டுக் கார்டில் அக்கா பேரை எடுத்து நம் ரேஷன் கார்டில் சேர்க்கச் சொல்லி அரூரில் எழுதிக் கொடுத்தோம். சேர்ந்துவிட்டது. உங்கள் பேரை எடுத்த பிறகு மூன்று பேராக இருந்த கார்டு இப்போது மறுபடி நாலு பேர் கார்டு.